ஹார்லன் ஃபெர்ரியில் கடைசிக் குழி

மார்ச் 4, 1999, வியாழன்

முழங்கால் இன்று என் பேச்சைக் கேட்டது. டெல்மருடன் கோல்ஃப் மைதானத்தின் ஒன்பது குழியையும் நடந்தே ஆடி முடித்தேன். அவன் வண்டியில் உட்கார்ந்து வந்தான். சொல்லிக் காட்டினேன். "இடுப்பெலும்பை மாத்திக்கிட்டவனைப் போய்க் கிண்டல் பண்றியே கிழவி, நீ உருப்படவே மாட்டே" என்றான். என்னைவிட மூன்று வயது மூத்தவன் என்னைக் கிழவி என்கிறான்! ஒருகாலத்தில் ஆண்களின் தொழில்முறைப் போட்டிகளில் நான்கு வருடம் ஆடியவன். இப்போது ஏழாவது குழியில் பந்தைக் குளத்தில் போட்டுவிட்டுத் தவளையைத் திட்டுகிறான்.

வீட்டுக்கு வந்தால் தபால் பெட்டியில் ஒரு கனத்த உறை. மாநில கோல்ஃப் சங்கத்திலிருந்து. இந்த வருடம் என் பெயரைச் சிறந்த ஆட்டக்காரர்களின் புகழ்க்கூடத்தில் சேர்க்கிறார்களாம். மே எட்டாம் தேதி விருந்து. பித்தளைத் தகட்டில் பெயர். சமையலறையில் நின்றபடியே படித்தேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. பதினான்கு வருடம் ஊர் ஊராகச் சுற்றி ஆடினேன், ஐந்து முறை ஜெயித்தேன். யாரோ ஒருவர் இன்னும் நினைவு வைத்திருக்கிறாரே!

பிறகு இரண்டாவது பத்தியைப் படித்தேன். தகட்டில் என் பெயருக்குக் கீழே பொறிக்கப் போகும் வாசகம் இது: ‘நட்பைவிட நேர்மையைப் பெரிதாக மதித்தவர் – ஹார்லன் ஃபெர்ரி, 1964.’ என்னை மேடையில் அறிமுகப்படுத்த லொரீன் ஹாஸ்கியூவை அழைக்கப் போகிறார்களாம்.

காப்பியைக் குடிக்காமல் கொட்டிவிட்டேன்.

மார்ச் 5

டெல்மரிடம் எதையும் சொல்லவில்லை. லொரீன் அவனுடைய தங்கை. பன்னிரண்டு வருடமாக வியாழன்தோறும் அவனோடு ஆடுகிறேன். அவளைப் பற்றி நானும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. முதல் நாளே சொல்லிவிட்டான்: "உனக்கும் என் தங்கச்சிக்கும் நடுவுல நான் தபால்காரன் வேலை பார்க்க மாட்டேன்."

மார்ச் 7, ஞாயிறு

மழை. பைன் மரங்களிலிருந்து மஞ்சள் மகரந்தத் தூள் இறங்கி வாசல்படியெல்லாம் பூசியிருக்கிறது. வெளியே போக முடியாது. பழைய புகைப்படப் பெட்டியைத் திறந்தேன். திறந்திருக்கக் கூடாது.

ஐம்பத்தொன்பதில் எடுத்த படம். லொரீனின் நீல ஸ்டேஷன் வேகன் கார், அதன் என்ஜின் மூடியில் சாய்ந்து நாங்கள் இருவரும். அவள் கையில் சோள ரொட்டி, என் கையில் வரைபடம். அது தலைகீழாக இருக்கிறது! அவள்தான் எப்போதும் ஓட்டுவாள். வழி சொல்வது என் வேலை. ஒருமுறை டென்னஸிக்குப் போக வேண்டியவர்களை நான் ஆற்றுக்கு மறுகரையில் இருக்கும் ஆர்கன்ஸாவில் கொண்டுபோய் நிறுத்தினேன். "வெர்னா, ஆத்தைத் தாண்டினோமே, அப்பவாவது உனக்குச் சந்தேகம் வரலையாடி?" என்று கேட்டுவிட்டு அவள் ஓரமாக வண்டியை நிறுத்திச் சிரித்த சிரிப்பு... இப்போதும் காதில் இருக்கிறது.

ஊர் ஊராகப் போட்டி ஆடும் பெண்கள் எல்லாரும் பத்துப் பதினைந்து கார்களில் வரிசையாகப் போவோம். முன்னால் போகும் கார் சிவப்புத் துணியை ஆட்டினால் எல்லாரும் நிற்க வேண்டும், மஞ்சள் என்றால் யாருக்கோ பசி. ஒரு கார் டயர் வெடித்தால் பத்துக் காரும் நிற்கும். டிக்கியில்தான் காலணி மாற்றுவோம், ஏனென்றால் பாதி கிளப்புகளில் பெண்களுக்கு உடை மாற்ற இடமே கிடையாது. பாவாடை விளிம்பு பிரிந்தால் லொரீன் ஓடுகிற வண்டியில் என்னைத் தைக்க வைப்பாள். குளியல் தொட்டியில் துணி துவைத்துக் காரின் பின்சீட்டில் காயப் போடுவோம். ஒரு போலீஸ்காரர் வண்டியை நிறுத்தி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தொங்குகிற உள்ளாடைகளைக் கண்டு, ஒன்றும் கேட்காமல் "போங்கம்மா, போங்க" என்று அனுப்பிவைத்தார்.

எங்களுக்கு முதலாளி என்று யாரும் இல்லை. குழியை எங்கே தோண்டுவது, யார் யாரோடு ஆடுவது, தப்புக்கு என்ன தண்டனை, எல்லாம் நாங்களே. பகலில் போட்டியாளர்கள், சாயங்காலம் எங்கள் பெண்கள் சங்கத்து நிர்வாகிகள். ஆளுக்கு ஒரு குழு. லொரீன் விதிக் குழு. விதிப் புத்தகத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவாள்.

ஆறு வருடம். இத்தனை சந்தோஷமாக நான் அதற்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருந்ததில்லை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

மார்ச் 9

சரி, எழுதிவிடுகிறேன். யாரோ அந்நியருக்குச் சொல்வதுபோல் முறையாக எழுதினால்தான் நான் நழுவாமல் இருப்பேன்.

ஹார்லன் ஃபெர்ரி, மிசௌரியில் ஆற்றோரம் ஒரு சின்ன ஊர். 1964 அக்டோபர். கடைசி நாள், கடைசிக் குழி. லொரீனும் நானும் அடிக் கணக்கில் சமமாக இருந்தோம்; கோல்ஃபில் குறைந்த அடியில் முடிப்பவர்தான் ஜெயிப்பார். ஒன்பது வருடம் ஆடி ஒரு போட்டிகூட ஜெயிக்காதவள். மூன்று முறை இரண்டாவது இடம். நான் அதற்குள் நான்கு ஜெயித்திருந்தேன்.

இருவர் பந்தும் குழியைச் சுற்றியிருக்கும் வெட்டிய புல்லில். பந்தை எடுக்கும்போது அது கிடந்த இடத்தில் ஒரு காசை வைப்போம். அவள் காசு நான் உருட்ட வேண்டிய பாதையில் இருந்தது. "லொரீன், கொஞ்சம் தள்ளி வை" என்றேன். மட்டையின் தலையைப் பக்கத்தில் வைத்து அளந்து, அந்த அகலத்துக்குக் காசை இடப்பக்கம் நகர்த்தினாள். அது வழக்கம். பிறகு தன் முறை வரும்போது அதே மாதிரி அளந்து பழைய இடத்துக்குக் காசைக் கொண்டுவர வேண்டும். மறந்துவிட்டு ஆடினால் தப்பான இடத்திலிருந்து ஆடியதாகும். தண்டனையாகக் கணக்கில் இரண்டு அடி கூடும்.

எல்லாரும் மறப்பார்கள். அதனால்தான் ஒருவருக்கொருவர் நினைவூட்டுவோம். அதற்கு விதியில் தடையே கிடையாது. ஆறு வருடத்தில் நான் அவளிடம் எத்தனை முறை "காசு, லொரீன்" என்று சொல்லியிருப்பேன்? அவள் எனக்கு எத்தனை முறை? "உப்பு வேணுமா" என்று கேட்பதுபோல் சாதாரணமாகச் சொல்லிக்கொள்வோம்.

நான் உருட்டினேன். குழிக்குள் போகவில்லை, இன்னொரு அடி தட்டி முடித்தேன். இப்போது அவள் உள்ளே போட்டால் ஜெயிப்பாள். இரண்டு கெஜத் தூரம்கூட இல்லை. அவள் வந்து, இடப்பக்கம் கிடந்த அந்தக் காசுக்கு முன்னாலேயே பந்தை வைத்தாள். குனிந்தாள்.

நான் பார்த்தேன்.

பார்த்துவிட்டேன். காசு நகர்ந்த இடத்திலேயே இருக்கிறது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரு வார்த்தை சொல்ல நேரம் இருந்தது. அவள் இரண்டு முறை மட்டையை ஆட்டிப் பார்த்தாள், தலையைத் தூக்கிக் குழியைப் பார்த்தாள், திரும்பக் குனிந்தாள். அவ்வளவு நேரம். நான் வாயைத் திறக்கவில்லை. அவள் அடித்தாள், பந்து உருண்டது. "லொரீன், காசு!" என்றேன்.

பந்து உள்ளே விழுந்தது. கூட்டம் கை தட்டியது. அவள் தரையில் கிடந்த காசைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். தீர்ப்புச் சொல்ல வேண்டிய விதிக் குழுத் தலைவி அவளேதான். பென்சிலை எடுத்துத் தன் அடிக்கணக்கு அட்டையில் தானே இரண்டு அடி கூட்டி எழுதினாள். ஒரு அடியில் ஜெயிக்க வேண்டியவள் ஒரு அடியில் தோற்றாள். கோப்பை எனக்கு. பத்திரிகைக்காரர்கள் என்னைத்தான் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். உயிர்த் தோழியின் தப்பையே மறைக்காதவளாம்.

ஏன் செய்தேன்? முப்பத்தைந்து வருடமாகக் கேட்டுக்கொள்கிறேன். ஜெயிக்க ஆசை. வேறு பெரிய காரணம் எதுவும் தேடாதே, வெர்னா.

மார்ச் 10

படித்துப் பார்த்தேன். கிழித்துப் போடத் தோன்றியது. போடவில்லை.

மார்ச் 18, வியாழன்

டெல்மருக்கு விருது விஷயம் தெரிந்திருக்கிறது. சங்கத்துக்காரர்கள் லொரீனுக்கு எழுத, அவள் டல்ஸாவிலிருந்து இவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறாள். நான்காவது குழியில், நான் பந்தின் மேல் குனிந்திருக்கும்போது பார்த்து ஆரம்பித்தான்.

"என் தங்கச்சி கேக்குறா: ‘அவளுக்கு நான் வரணும்னு இருக்கா?’ன்னு."

"தபால்காரன் வேலை பார்க்க மாட்டேன்னு சொன்னே?"

"இந்த ஒரு தடவை. ஸ்டாம்புகூட வேணாம்."

பந்து மணல் குழிக்குள் போனது. அவன் வண்டியில் வேகவைத்த நிலக்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பதில் வராமல் நகர மாட்டானாம். பின்னால் வந்த நான்கு பேரை எங்களைத் தாண்டிப் போகச் சொல்லி அனுப்பினான்.

"டெல்மர், அவளுக்கும் எனக்கும் என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. அவ சொன்னதில்ல. ஒருதடவை கேட்டேன், போனை வச்சுட்டா. ஆனா வெர்னா, அந்தப் போட்டி முடிஞ்ச மறுநாள் காலையில பையைத் தூக்கிட்டு வேற கார்ல ஏறினவ, தோத்ததுக்காக ஏறலை. தோக்குறது எங்க வீட்டுக்குப் பழக்கம். நான் நாலு வருஷம் வாராவாரம் தோத்தவன்."

"நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றேன். "யோசி யோசி, எழுபது வயசுல இன்னும் நிறைய நேரம் இருக்கு பார்" என்றான் படுபாவி.

மார்ச் 23

சங்கத்தின் திருமதி காஸ்கின்ஸைத் தொலைபேசியில் கூப்பிட்டேன். விருது வேண்டாம் என்று சொல்லிவிடத்தான் கூப்பிட்டேன்.

"ஐயோ மேடம், இவ்ளோ அடக்கமா இருக்கீங்களே! எங்க கமிட்டியில எல்லாரும் இதைத்தான் சொன்னாங்க, வெர்னா டில்லட்சன் சுலபத்துல ஒத்துக்க மாட்டாங்கன்னு."

"அடக்கம் இல்லம்மா. அந்த ஹார்லன் ஃபெர்ரி வாசகம் பொய்."

"பாத்தீங்களா, பாத்தீங்களா! இதான், இதான்!"

"இங்க பாரும்மா, நான் அவளுக்கு முன்னாடியே சொல்லியிருக்கலாம், சொல்லலை—"

"முன்னாடி சொல்றதா பின்னாடி சொல்றதா, சொன்னீங்க இல்லையா மேடம்? அதுதானே பெருசு? கோழியா மீனா, உங்களுக்கு எது போடட்டும்?"

கோழி என்றேன். வேறென்ன சொல்ல? உண்மையைச் சொல்லவும் ஒரு சாமர்த்தியம் வேண்டியிருக்கிறது. எனக்கு அது இல்லை.

ஏப்ரல் 2

இரண்டு நாளாக எங்கே பார்த்தாலும் லொரீன் நினைவுதான்.

டெக்ஸஸில் ஒரு பேஸ்பால் மைதானம். மறுநாள் எங்கள் போட்டிக்குக் கூட்டம் சேர்க்க வேண்டும், யாரும் வரமாட்டார்கள் என்று தெரியும். அதனால் பேஸ்பால் ஆட்டம் தொடங்கும் முன் எங்களைக் களத்தில் நிறுத்தி, மைதானத்துக்கு வெளியே பந்தை அடித்துக் காட்டச் சொன்னார்கள். பாவாடை கட்டிய இரண்டு பெண்கள் நடக்கிறதைப் பார்த்து ஆம்பிளைக் கூட்டம் விசில் அடித்தது. ஒருவன் "அடுப்புல ஏதோ கரியுது, வீட்டுக்குப் போம்மா!" என்று கத்தினான். லொரீன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மிக நீளமான மட்டையை எடுத்தாள், ஒரே அடி. பந்து விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போய் எங்கே விழுந்தது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கூட்டம் அடங்கிவிட்டது. அப்புறம்தான் அவன் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "அண்ணே, அடுப்பை அணைச்சுட்டுத்தான் வந்தேன்."

மறுநாள் அந்த ஆள் மனைவி, மகள்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வந்து பதினெட்டுக் குழியும் அவள் பின்னாலேயே நடந்தான்.

அன்றைக்கு அவள் ஜெயித்திருக்க வேண்டும். மூன்று அடி வித்தியாசத்தில் போயிற்று. காரில் வரும்போது கேட்டாள்: "வெர்னா, நான் ஒரு தடவையாவது ஜெயிப்பேனாடி?" "ஜெயிப்பே" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அதுதான் இப்போது குத்துகிறது.

ஏப்ரல் 9

நான்கு கடிதம் எழுதிக் கிழித்தாயிற்று. முதலாவதில் மன்னிப்பு அதிகம். இரண்டாவதில் சமாதானம் அதிகம். மூன்றாவதில் வானிலை. நான்காவதில் ‘அன்புள்ள லொரீன்’ என்பதோடு சரி.

அறுபத்தெட்டு வயதுக்காரிக்குக் கடிதத்தில் போய்ச் சொல்வதா? அவள் பக்கத்தில் யாரும் இல்லாமல் தனியாக உட்கார்ந்து படிப்பாள். கூடாது. நேரில் சொல்ல வேண்டும், அவள் திட்டினால் வாங்கிக்கொள்ள நான் எதிரில் இருக்க வேண்டும்.

ஏப்ரல் 15, வியாழன்

டெல்மரிடம் சொன்னேன்: "அவ வரணும். அவகிட்ட ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருக்கு."

அவன் கிண்டல் செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டே, "ஏழாந்தேதி மத்தியானம் அழைச்சுட்டு வரேன்" என்றான்.

ஏப்ரல் 30

வீட்டைக் கழுவினேன். திரைச்சீலைகளைத் துவைத்தேன். கோப்பைகள் இருக்கும் அலமாரியில் ஹார்லன் ஃபெர்ரி கோப்பையை என்ன செய்வது? ஒளித்து வைத்தால் கோழைத்தனம், வைத்திருந்தால் திமிர். எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். கடைசியில் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டேன். போதும்டி உன் நாடகம்.

மே 7, வெள்ளி

வந்தாள்.

தலைமுடியை ஒட்ட வெட்டியிருக்கிறாள், முழுக்க வெள்ளை. மெலிந்துவிட்டாள். ஆனால் நடை அதே நடை, காற்றோடு சண்டைக்குப் போகிற நடை. டெல்மர் பெட்டியைக்கூட இறக்காமல், "நான் நாய்க்குச் சோறு வைக்கணும்" என்று கிளம்பிவிட்டான். அவனிடம் நாயே கிடையாது.

குடமிளகாய் சேர்த்துப் பிசைந்த பிமென்டோ சீஸ் கிண்ணத்தையும் ரொட்டியையும் மேசைமேல் வைத்தேன். நான் பரிமாற எழுந்தால், "உட்காரு, எனக்குக் கை இருக்கு" என்று கத்தியைத் தானே வாங்கிக்கொண்டாள். நான் விமானப் பயணம் எப்படி என்று கேட்டேன். நன்றாக இருந்தது என்றாள். டல்ஸாவில் மழையா என்று கேட்டேன். அவள் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் மழையைப் பத்தித்தான் பேசினே."

இனி தள்ளிப்போட முடியாது.

"லொரீன், நீ நாளைக்கு மேடை ஏறுறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். அன்னிக்கு நீ அடிக்கிறதுக்கு முன்னாடியே நான் பார்த்துட்டேன். காசை நீ திருப்பி வைக்கலைன்னு. வாயை மூடிட்டு நின்னேன்."

ரொட்டியின் ஓரம் வரைக்கும் சீஸைத் தடவினாள். நிதானமாக.

"தெரியும்."

"எப்போ?"

"அப்பவே. பந்து குழியில விழுறதுக்கு முன்னாடியே ‘காசு’ன்னு கத்திட்டியே. அப்பத்தான் பார்த்தவ அவ்வளவு சீக்கிரமா எப்படிடி கத்துவா?"

"பின்னே ஏன் நீ கேக்கலை?"

"நான் கேக்கணுமா? நான்?" கத்தியைப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் எறிந்தாள். சத்தத்தில் என் உடம்பே தூக்கிப் போட்டது. "அன்னிக்குச் சாயங்காலம் நூத்தம்பது மைல் ஓட்டினேன். பக்கத்துல உக்காந்திருந்தே. இப்ப சொல்லுவா, அந்தப் பாலம் வந்ததும் சொல்லுவா, ஊர் வர்றதுக்குள்ள சொல்லுவான்னு பார்த்துட்டே ஓட்டினேன். நீ மழை வரும்போல இருக்குன்னே. மறுபடியும் மழை வரும்போல இருக்குன்னே. மழை வரவே இல்லை."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

"விதிப்படி உன்மேல ஒரு தப்பும் இல்ல. அந்த வருஷம் விதிக் குழுத் தலைவியே நான்தானே, எனக்குத் தெரியாதா? மறந்தது நான். நினைவூட்டணும்னு உனக்குக் கட்டாயம் எதுவும் இல்ல. கோப்பை போனது ஒரு வருஷத்துல ஆறிப்போச்சு. நீ அன்னிக்கே கார்ல சொல்லியிருந்தா ரெண்டு நாள் உன்னைத் திட்டியிருப்பேன். மூணாம் நாள் உன்கூடச் சேர்ந்து சாப்பிட்டிருப்பேன். முப்பத்தஞ்சு வருஷம்டி! என் கல்யாணத்துக்கு நீ இல்ல. அவர் செத்தப்போ நீ இல்ல."

"நீ கூப்பிடலையே, லொரீன்."

"கூப்பிட்டாத்தான் வருவியா?"

வாசலில் நின்றாவது பார்த்துவிட்டு வந்திருக்கலாம். வந்திருக்க வேண்டும்.

ரொட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்டாள்: "நாளைக்கு நான் என்ன பேசணும்?"

"நீ ஒண்ணும் பேச வேணாம். நான் பேசுறேன். எல்லார் முன்னாடியும்."

அவள் பாதி ரொட்டியைச் சாப்பிட்டாள். மீதியை வைத்துவிட்டு, டெல்மர் வீட்டுக்கு நடந்தே போகிறேன் என்று கிளம்பிவிட்டாள். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

மே 9, ஞாயிறு

நேற்றைய விருந்து.

இருநூறு பேர் இருந்திருப்பார்கள். பழைய ஆட்டக்காரர்கள் ஊன்றுகோலோடும் காதுக் கருவியோடும் வந்திருந்தார்கள். நீலக் கோட்டுப் போட்ட ஆண்கள், புதுத் தலைமுறைப் பெண்கள் சிலர். அவர்களுக்கு எத்தனை அழகான தோள்கள்! திருமதி காஸ்கின்ஸ் எல்லாரையும் கட்டிப்பிடித்துக்கொண்டே இருந்தார்.

லொரீன் மேடை ஏறினாள். கையில் தாள் இல்லை.

"இது வெர்னா. ஆறு வருஷம் என் கார்ல வந்தவ. வழி சொல்லத் தெரியாதவ. மத்ததை அவளே சொல்லுவா." அவ்வளவுதான். இறங்கிப் போய் உட்கார்ந்துவிட்டாள்.

நான் சொன்னேன். இந்த நோட்டில் எழுதியிருந்ததை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல். குரல் நடுங்கியது. ‘நான் பார்த்தேன்’ என்ற இடத்தில் நின்றுவிட்டது, தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன். "அந்த வாசகத்துக்கு நான் உரியவள் இல்லை. தன் அட்டையில் தானே இரண்டு அடி கூட்டி எழுதிக்கொண்டவள் அதோ உட்கார்ந்திருக்கிறாள்" என்று முடித்தேன்.

செத்தேன் என்று நினைத்தேன். பிறகு மூன்றாவது மேசையில் ஒரு கிழவர் பக்கத்தில் இருப்பவரிடம் உரக்கவே சொன்னார்: "ஆனா விதிப்படி அவ சொல்லணும்னு கட்டாயம் இல்லையே!" "கட்டாயம் இல்லதான், ஆனா வழக்கம்னு ஒண்ணு இருக்குல்ல?" என்றார் மற்றவர். "வழக்கம் வேற, விதி வேற!" ஐந்து நிமிடத்தில் இருபது மேசையும் கட்சி பிரிந்து சண்டை. சர்க்கரைக் கட்டியைக் காசாக வைத்து, முள்கரண்டியால் அளந்து நகர்த்திக் காட்டுகிறார்கள்! என் மானம் போனதைக்கூட மறந்துவிட்டார்கள் பாவிகள். கோல்ஃப் ஆடுகிறவர்களைப் போல ஒரு ஜென்மம் உலகத்தில் வேறு கிடையாது.

திருமதி காஸ்கின்ஸ் கைத்துணியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். "மேடம், இது அதைவிடப் பெரிய நேர்மை!" தலையில் அடித்துக்கொண்டேன். அந்த வாசகத்தை எடுக்காவிட்டால் தகட்டை நானே கழற்றிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்னபிறகுதான் அடங்கினார்.

லொரீன் இன்று காலை விமானம் ஏறிவிட்டாள். நேற்று பிரியும்போது கை கொடுத்தாள். கட்டிப்பிடிக்கவில்லை. "குரல் நடுங்கும்போது மூச்சை இழுத்து விடணும்டி, இத்தனை வருஷம் ஆடியும் உனக்குத் தெரியலையே" என்றாள். அது கோபமா, என்ன அது? தெரியவில்லை.

மே 20, வியாழன்

தகட்டில் இனி பெயரும் வருடங்களும் வெற்றிகளும் மட்டும். வெற்றி நான்கு என்று போடச் சொல்லிச் சங்கத்துக்கு எழுதியிருந்தேன். பதிவேட்டை மாற்ற முடியாதாம். டெல்மர் இந்தச் செய்தியை உடனே டல்ஸாவுக்குக் கொண்டுபோயிருக்கிறான் (தபால்காரன்!). அங்கிருந்து வந்த பதிலை இன்று இரண்டாவது குழியில், அவள் குரலிலேயே பேசிக் காட்டினான்:

"அந்த ரெண்டு அடியை நான் என் கையால எழுதினேன். அதை அழிக்க அவ யாரு? அஞ்சுன்னா அஞ்சுதான்."

ஐந்தாகவே இருக்கட்டும்.

மே 31

ஒன்றும் இல்லை. முழங்கால் வலி. தபாலும் இல்லை. எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் பொய்.

ஜூன் 13, ஞாயிறு

மதியம் தொலைக்காட்சியில் பெண்கள் போட்டியின் கடைசி நாள். பதினைந்தாவது குழியில் இருந்தார்கள். தொலைபேசி அடித்தது. எடுத்தேன்.

"பார்த்துட்டிருக்கியா?"

வணக்கம் இல்லை, பெயர் இல்லை, நலமா என்பதும் இல்லை.

"பார்த்துட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

"அந்த நெட்டைப் பொண்ணு காத்தைப் பார்க்கவே இல்ல. மரத்து உச்சியைப் பாரு, எப்படி ஆடுது. இந்த மட்டையை எடுத்தா தண்ணிக்குள்ளதான் போகும்."

"மட்டை சரிதான் லொரீன். அவ தோளை வேற பக்கம் திருப்பிட்டா, அதான் தப்பு."

"உனக்கு என்னைக்குடி திசை தெரிஞ்சிருக்கு?"

அந்தப் பெண் அடித்தாள். பந்து தண்ணீருக்குள் போனது. இருவரும் ஒரே நேரத்தில் "அடிப்பாவி!" என்று கத்தினோம், டல்ஸாவில் ஒருத்தி, இங்கே ஒருத்தி. பிறகு பதினெட்டாவது குழி முடியும்வரை அவள் போனை வைக்கவில்லை. அவள் வீட்டுக்காரரின் பெயர் லாய்ட் என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன். மீன் பிடிக்கப் போனால் மீனைத் திரும்ப விட்டுவிட்டு வருவாராம். விளம்பரம் வரும்போதெல்லாம் அவரைப் பற்றிச் சொன்னாள், ஆட்டம் தொடங்கியதும் "சரி, சும்மா இரு" என்றாள். நடுவில் ஒருமுறை குரல் கம்மியது. மூச்சை இழுத்து விடு என்று நான் சொல்லவில்லை. அவளாகவே இழுத்து விட்டாள்.

முடியும்போது, "அடுத்த ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடு, உன் முறை" என்று வைத்துவிட்டாள்.

சுவர் நாட்காட்டியில் இருபதாம் தேதியில் ‘லொரீன்’ என்று எழுதி வைத்தேன். மறந்துவிடுவேன் என்று அல்ல. எழுதிப் பார்க்க ஆசையாக இருந்தது.